ஈஸ்ட் பெங்கால்: இடம்பெயர்ந்தோர் வளர்த்த பந்தாட்டக் கழகம்

(கசார்வாடியில் நடைபெற்ற சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கூலி உயர்வு, ஒப்பந்தத் தொழிலாளர் நிலை, ரேஷன் கார்டு என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று கால்பந்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 'இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று பெரியவர்கள் சிலர் வாசலிலேயே கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில் பாதையை ஒட்டிய திடலில் நம் பையன்களுக்கும் பக்கத்துச் சால் பையன்களுக்கும் பந்தாட்டம் நடந்தது. ஒரு கோல் செல்லுமா, செல்லாதா என்று வாய்ச்சண்டை வந்தது. அங்கிருந்து 'மதராசி' என்று ஒரு சொல். இங்கிருந்து அதற்கு மேல் ஒரு சொல். பிறகு கல். இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. மறுநாள் இரண்டு பக்கத்துத் தகப்பன்மாரும் வேலைக்குப் போகாமல் போலீஸ் சௌக்கியில் நின்றார்கள். இங்கேயும் ஒருநாள் கூலி போயிற்று, அங்கேயும் ஒருநாள் கூலி போயிற்று.

அதன்பிறகு நம் இளைஞர்கள் சங்கத்துக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, சங்கத்தின் பெயரில் ஒரு கால்பந்து அணி வேண்டும். இரண்டு, அதில் தமிழர் மட்டுமே ஆடவேண்டும். முதல் கோரிக்கையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். இரண்டாவதை எதிர்க்கிறேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், இன்று கொல்கத்தா என்று பெயர் மாறியிருக்கும் கல்கத்தாவுக்கு உங்களை ஒரு மணி நேரம் அழைத்துப் போக வேண்டும்.

ஓர் அவமதிப்பில் பிறந்த கழகம்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் கல்கத்தாவில் கால்பந்து என்பது பட்டாளத்தாரின் ஆட்டம். 1889இல் தொடங்கப்பட்ட மோகன் பகான் கழகம் 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தது. நம் ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்கால். பூட்ஸ் போட்ட ஆதிக்கத்தை வெறுங்கால் வென்றது என்று வங்காளமே கொண்டாடியது. அந்தப் பெருமையை நாமும் வணங்குவோம்.

ஆனால் நாட்டுக்காக வென்றவர்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது. கிழக்கு வங்காளத்தின் டாக்கா, மைமன்சிங், பரிசால் பக்கத்திலிருந்து பிழைப்புக்கும் படிப்புக்கும் கல்கத்தாவுக்கு வந்தவர்களை 'பாங்கால்' என்பார்கள். பட்டிக்காட்டான் என்ற ஏளனம் அந்தச் சொல்லில் இருந்தது. பதிலுக்கு இவர்கள் உள்ளூர்க்காரர்களைக் 'கோட்டி' என்பார்கள். நெல்லைத் தோழர்கள் சிரிக்க வேண்டாம்! வங்காளியில் அதற்குச் செம்பு என்று பொருள். மொழி ஒன்றுதான். பேச்சு வழக்கும் சமையலும் வேறு. அது போதும், மனிதனை மனிதன் கேலி பேசுவதற்கு.

1920ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் கூச் பெஹார் கோப்பை ஆட்டம். மோகன் பகானை எதிர்த்து ஜோராபகான் அணி ஆடியது. அதில் சைலேஷ் போஸ் என்ற நல்ல ஆட்டக்காரரை வெளியே நிறுத்திவிட்டார்கள். அவர் கிழக்கிலிருந்து வந்தவர். அந்தக் கழகத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரியும் கிழக்குக்காரர். அவர் வாதாடிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. வெளியேறினார். 1920 ஆகஸ்டு 1ஆம் நாள் ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்தது. எந்தச் சொல்லால் கேலி பேசினார்களோ, அந்தக் கிழக்கு வங்காளத்தின் பெயரையே கழகத்துக்கு வைத்தார்கள்!

தோழர்களே, நம் சங்கம் எப்படிப் பிறந்தது என்பதை மூத்தவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். 1966இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியர்களால்தான் மராத்தியருக்கு வேலை இல்லை என்று மும்பையில் முழங்கிய காலத்தை அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஒதுக்கப்பட்டவன் தனக்கென ஒரு வீடு கட்டிக்கொள்வது குற்றமல்ல. அதனால்தான் முதல் கோரிக்கைக்கு நான் கை தூக்குகிறேன்.

அகதிக்குக் கிடைத்த அரை நாள்

அன்று கல்கத்தா லீகின் முதல் பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் ஆடக்கூடாது என்று விதி இருந்தது. ஈஸ்ட் பெங்கால் அந்த விதியை எதிர்த்து நின்றது, விதி தளர்ந்தது. 1925இல் முதல் பிரிவுக்குள் நுழைந்த ஆண்டே, மே 28ஆம் நாள் மோகன் பகானை 1-0 என்று வென்றது. அன்று தொடங்கிய போட்டி இன்றும் ஓயவில்லை. 1942இல் லீகை முதன்முறையாக வென்றது. இடையில் 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டு தொடர்ந்து லீகை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தையும் மறக்கக்கூடாது. லீகை முதலில் வென்ற இந்தியக் கழகம் அதுதான்.

1947இல் நாடு பிளந்தது. பத்மாவுக்கு அப்பால் வீட்டையும் நிலத்தையும் தென்னந்தோப்பையும் விட்டுவிட்டு மக்கள் வந்தார்கள். சியால்தா ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தில் குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். ஜாதவ்பூர் பக்கம் காலி நிலங்களில் மூங்கில் நட்டுக் குடிசை போட்டுக் காலனிகள் அமைத்தார்கள். ஊர் போய்விட்டது. வரைபடத்தில் அந்த ஊரின் பெயரே மாறிவிட்டது. ஆனால் மைதானத்தில் பதினோரு பேர் சிவப்பும் பொன்னிறமும் கலந்த சட்டை போட்டு, இழந்த மண்ணின் பெயரைத் தாங்கி ஓடினார்கள். வாரம் முழுவதும் 'அகதி' என்று பெயர் வாங்கியவன் அந்த அரை நாள் தலைநிமிர்ந்து நின்றான்.

ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன் வாங்குவார்கள். நம் பக்கம் அதை உல்லம் என்போம். மோகன் பகான் வென்றால் இறால். இப்படிச் சட்டியில் கொதிக்கும் குழம்பு வரைக்கும் அந்தப் போட்டி போயிருக்கிறது.

ஐந்து பேரும் தென்னாட்டார்

இப்போது இரண்டாவது கோரிக்கைக்கு வருகிறேன். தம்பிகள் கவனித்துக் கேட்கவேண்டும்.

அகதிகள் அலை அலையாக வந்துகொண்டிருந்த அந்த நாட்களில், 1949 முதல் 1953 வரை, ஈஸ்ட் பெங்காலின் முன்னணியில் ஐவர் ஆடினார்கள். அவர்களைப் 'பஞ்ச பாண்டவர்' என்று வங்காளிகள் அழைத்தார்கள். அவர்கள் பெயர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. பெயரைக் கேட்டதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். ஐந்து பேரும் தென்னாட்டார்! ஒருவர்கூட வங்காளி இல்லை. அகமது கான் பெங்களூர்க்காரர், சாலே கேரளத்தவர். ஜோதிஷ் குகா என்ற நிர்வாகி அவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்.

1949இல் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, நம் மும்பையில் நடந்த ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஈஸ்ட் பெங்கால் வென்றது. ஷீல்டை 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து வென்றது. கிழக்கு வங்காளம் என்ற பெயரைத் தாங்கிய கழகம், கிழக்கு வங்காளியே இல்லாத ஐந்து பேரின் காலால் சிகரம் ஏறியது. 'நம்மவர் மட்டும்' என்று கதவைச் சாத்தியிருந்தால் இந்த வரலாறு இருந்திருக்குமா? ஆடத் தெரிந்தவனை ஊர் பார்த்து ஒதுக்கியதால் பிறந்த கழகம், ஊர் பார்க்காமல் ஆட்டக்காரரைச் சேர்த்ததால் வளர்ந்தது.

இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் கோல்கீப்பராக வளர்ந்தவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது அணியில் இருந்தவர். அவர் கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கும் ஆடினார், மோகன் பகானுக்கும் ஆடினார், ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடினார். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாவிலிருந்து நம் நாட்டுக்குப் படிக்க வந்த சீமா ஒகோரியும் 1980களிலும் 1990களிலும் இந்த மூன்று கழகங்களுக்கும் ஆடினார். ஆடுகிறவன் மூன்று சட்டையும் போடுகிறான். பார்க்கிறவன் ஒரு சட்டைக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறான்!

பதினாறு பிணங்கள்

அந்த மண்டை உடைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டு தொடர்ந்து லீகை வென்ற ஈஸ்ட் பெங்கால், 1975 செப்டம்பர் 30ஆம் நாள் ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று வீழ்த்தியது. அந்தத் தோல்வியைத் தாங்காமல் மோகன் பகான் ரசிகரான ஓர் இளைஞர் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். ஒரு பந்தாட்டத்துக்காக ஒரு தாய் பிள்ளையை இழந்தாள்.

1980 ஆகஸ்டு 16. ஈடன் தோட்ட மைதானம். இரு கழகங்களும் மோதின. களத்தில் இரண்டு ஆட்டக்காரர்களுக்குள் எழுந்த தகராறு கேலரிக்குப் பரவியது. கல் பறந்தது. கூட்டம் உயிருக்குப் பயந்து ஓடியது. மிதிபட்டும் நசுங்கியும் பதினாறு ரசிகர்கள் மாண்டார்கள். இறந்தவன் கோட்டியா, பாங்காலா என்று சவக்கிடங்கில் யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்கள் நினைவாகக் கல்கத்தாவில் இரத்ததானம் செய்கிறார்கள்.

இது வங்காளத்துக்கு மட்டும் உரிய துயரம் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்ற நாடு. அதன் தலைநகர் அக்ராவில் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக், குமாசி நகரில் அசாந்தே கோட்டோகோ என்று இரண்டு பெருங்கழகங்கள். 2001 மே 9ஆம் நாள் அக்ராவில் இரண்டும் மோதின. தோற்ற பக்கத்து ரசிகர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். போலீஸ் கேலரிக்குள் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது. வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன. 120க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கண்டம் வேறு, நிறம் வேறு. ஆனால் கல் எறிந்த கோபமும் அதே, கூட்டத்தை மனிதராக மதியாத அதிகாரமும் அதே.

நம் ரயில் பாதைத் திடலில் பறந்த கல்லை நான் ஏன் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

எதிரணியின் தோள்

கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் இங்கே பேச வந்திருக்கமாட்டேன்.

2019 இறுதியில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. குடிமக்கள் பதிவேடு, காகிதம், சான்று என்று நாடெங்கும் அச்சம் பரவியது. 2020 ஜனவரி 19ஆம் நாள் மோகன் பகானோடு நடந்த ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கேலரியில் பெரிய பதாகை ஒன்றை விரித்தார்கள். இந்த மண்ணை இரத்தம் கொடுத்துப் பெற்றோம், காகிதம் கொடுத்து அல்ல என்பது அதன் பொருள். பாட்டன் பிளாட்பாரத்தில் கிடந்ததைப் பேரன் மறக்கவில்லை.

2024 ஆகஸ்டு 9ஆம் நாள் கல்கத்தா ஆர்.ஜி. கர் அரசு மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஊரே கொதித்தது. ஆகஸ்டு 18இல் டூராண்டு கோப்பையில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோத வேண்டும். பாதுகாப்புக்குப் போதிய போலீஸ் இல்லை என்று சொல்லி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ரசிகர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. சால்ட் லேக் மைதானத்தின் வெளியே திரண்டார்கள். ஈஸ்ட் பெங்கால் கொடியும் மோகன் பகான் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் பறந்தன. முகமதன் ரசிகர்களும் வந்து சேர்ந்தார்கள். ஒரு கழகத்தவனை எதிர்க் கழகத்தவன் தோளில் தூக்கி நிறுத்தினான். நீதி வேண்டும் என்று ஒரே குரல். போலீஸ் தடியடி நடத்தியது. தடி சட்டையின் நிறம் பார்க்கவில்லை. நூறாண்டுப் பகை என்றார்களே, அந்தப் பகைவர்கள் ஒரு பெண்ணின் நீதிக்காகச் சேர்ந்து அடி வாங்கினார்கள்.

அங்கே யாரும் தன் கழகத்தை விட்டுவிடவில்லை. அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் எதிர் எதிரே உட்கார்ந்துதான் கத்துவார்கள். கத்தட்டும்! போட்டி வேண்டும். போட்டி இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. ஆனால் எதிரே நிற்பவன் போட்டியாளன். பகைவன் வேறு எங்கோ இருக்கிறான் என்பதை அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே செயற்குழுவின் முன் என் யோசனைகளை வைக்கிறேன்.

சங்கத்தின் பெயரில் அணி அமைப்போம். பெயர் தமிழிலேயே இருக்கட்டும்; வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நம் சந்துகளில் வாழும் எந்தத் தொழிலாளியின் பிள்ளையும் அதில் ஆடலாம். மராத்தியோ, பீகாரியோ, தெலுங்கோ, ஆடத் தெரிந்தால் சட்டை கொடுப்போம். மாவட்டவாரியாக, சாதிவாரியாகத் தனி அணி கேட்கும் முணுமுணுப்பும் என் காதுக்கு வந்தது. இன்று 'தமிழர் மட்டும்' என்பவர், நாளை 'எங்கள் தெரு மட்டும்' என்பார். அந்தக் கதவை முதலிலேயே அடைத்துவிடுவோம்.

பணத்துக்கு ஒப்பந்தக்காரரிடமும் தேர்தலில் நிற்பவரிடமும் கை நீட்ட வேண்டாம். வீட்டுக்கு மாதம் பத்து ரூபாய் போதும். பணம் போட்டவன் அணியைத் தன் சொத்து என்பான். நூறாண்டு கண்ட ஈஸ்ட் பெங்காலே முதலீட்டு நிறுவனம் ஒன்றோடு உறுப்பினர் உரிமை பற்றிய ஒப்பந்தத் தகராறில் சிக்கி, 2021இல் அதன் ரசிகர்கள் தெருவில் இறங்க நேர்ந்தது.

பெண் பிள்ளைகளுக்கும் ஓர் அணி வேண்டும். 2024-25இல் இந்திய மகளிர் லீகை வென்றது ஈஸ்ட் பெங்கால் பெண்கள்தான். தாய்மார்கள் மறுக்கக்கூடாது.

கடைசியாக ஒன்று. நம் அணியின் முதல் ஆட்டம் மண்டை உடைந்த அதே பக்கத்துச் சால் பையன்களோடு நடக்கட்டும். நடுவர் அவர்கள் பக்கத்துப் பெரியவராக இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் வென்றவர் தோற்றவருக்கு வடாபாவும் தேநீரும் வாங்கித் தர வேண்டும். அழைப்பை எடுத்துக்கொண்டு போவது யார் என்று கேட்டால், கல்லெறிந்த தம்பிகளே போகட்டும். துணைக்கு நான் வருகிறேன்.