ஜீப்பின் எண்ணெயும் கிளட்சும்

உராய்வு நமக்கு நண்பனா, பகைவனா? பௌதிக நூலைப் புரட்டினால் இரண்டு விடைகளும் கிடைக்கும். உராய்வு இல்லையேல் நாம் தரையில் ஓரடிகூட எடுத்து வைக்க இயலாது. உராய்வு இருப்பதனாலேயே இயந்திரங்கள் தேய்ந்து அழிகின்றன. இவ்விரு விடைகளும் அருகருகே குடியிருப்பதைக் காண விரும்புவோர் ஒரு ஜீப் வண்டியைப் பிரித்துப் பார்த்தால் போதும். அதன் எஞ்சினுக்குள் உராய்வைக் குறைப்பதற்காகவே எண்ணெய் ஊற்றுகிறோம். அதே எஞ்சினின் பின்புறத்தில், சில அங்குலத் தொலைவில், கிளட்ச் என்னும் உறுப்பு அமைந்திருக்கிறது. அது பிழைப்பதே உராய்வினால்தான். முன்னதற்கு அமுதமாக இருப்பது பின்னதற்கு நஞ்சாகிறது. இவ்விரண்டையும் எவ்வாறு பேணுவது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப்பை, 1941 முதல் அமெரிக்கப் படைக்காக வில்லிஸ் நிறுவனமும், பின்னர் ஃபோர்டு நிறுவனமும் ஆறு இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்து குவித்தன. 1947-இல் மகீந்திரா நிறுவனத்தார் அதனை நம் நாட்டில் பூட்டிச் சேர்க்கத் தொடங்கினர். 1948-இல் இங்கிலாந்தில் லாண்ட் ரோவர் பிறந்தது. போருக்கென்று உண்டான இவ்வினம், போருக்குப் பின் மலைத் தோட்டங்களுக்கும் காட்டுப் பாதைகளுக்கும் உழவர் நிலங்களுக்கும் வந்து சேர்ந்தது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையைக் கண்டவர்கள், இத்தகைய வண்டிகளின் அருமையை உணர்வார்கள். அத்தகைய வழிகளில் தேயிலை மூட்டையும் செல்கிறது. பிரசவ வேதனையுற்ற தாயும் செல்கிறாள். பாதி ஏற்றத்தில் கிளட்ச் நழுவினால், எஞ்சின் அலறுமேயன்றி வண்டி ஏறாது. பின்னால் பள்ளம் இருக்கிறது. ஆகவே நாம் பேசப்போவது பணச் செலவைப் பற்றி மட்டுமன்று, உயிரைப் பற்றியுமாகும்.

எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய் பல வேலைகளைச் செய்கிறது. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுக்கிறது, வெப்பத்தைச் சுமந்து செல்கிறது, கரியையும் அழுக்கையும் தன்னுள் தாங்கிக் கொள்கிறது, துருப்பிடிக்காமல் காக்கிறது. இவற்றுள் முதல் வேலைக்கு அடிப்படை, எண்ணெயின் பாகுத்தன்மை. தேன் மெதுவாக ஒழுகுகிறது, தண்ணீர் விரைந்து ஓடுகிறது அல்லவா? அந்த வேறுபாட்டைத்தான் பாகுத்தன்மை என்கிறோம்.

எண்ணெய் டப்பாவின் மீது 15டபிள்யூ-40 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது அமெரிக்காவின் எஸ்.ஏ.ஈ. என்னும் பொறியாளர் சங்கம் வகுத்த தரக்குறி. டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதன் முன்னுள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக இயங்கும் என்பதைக் காட்டுகிறது. எண் சிறிதாகச் சிறிதாக அதிகக் குளிரைத் தாங்கும். பின்னுள்ள எண், எஞ்சின் சூடேறிய நிலையில், அதாவது 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், எண்ணெய் எவ்வளவு பாகுடன் நிற்கும் என்பதைச் சொல்கிறது. 15டபிள்யூ எண்ணெய், குளிரில் எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கும் சோதனைக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் உட்படுத்தப்படுகிறது. 20டபிள்யூ எண்ணெய்க்கு அது 15 டிகிரி. உதகமண்டலத்தின் உறைபனிக் காலைக்கு இவை தாராளமாகப் போதும். இமயத்தின் திராஸ் போன்ற இடங்களில் குளிர் அந்த அளவையும் கடந்து செல்வதால், அங்கே 5டபிள்யூ போன்ற எண்ணெய் தேவைப்படுகிறது.

கெட்டியான எண்ணெயே நல்ல எண்ணெய் என்னும் நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அளவுக்கு மீறிக் கெட்டியான எண்ணெய், காலையில் எஞ்சினை உயிர்ப்பித்தவுடன் மேற்பகுதிகளுக்குச் சென்று சேரத் தாமதமாகும். அந்தச் சில விநாடிகளில் நேரும் தேய்மானம் சிறிதன்று. அளவுக்கு மீறி நீர்த்த எண்ணெயோ, சூட்டிலும் பாரத்திலும் படலம் அறுந்துவிடும். எஞ்சினை வடிவமைத்தவர், பாகங்களுக்கு இடையே விட்ட இடைவெளியை அறிந்து, தக்க தரத்தைக் கைநூலில் எழுதியிருக்கிறார். கடைக்காரரின் சொல்லைவிட அந்நூலின் சொல் பெரிது.

பாகுத்தன்மை மட்டும் போதாது, தகுதியும் வேண்டும். ஏ.பி.ஐ. என்னும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் குறியில், எஸ் என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கும், சி என்று தொடங்குவது டீசல் எஞ்சினுக்கும் உரியது. சி.கே.-4 என்பது 2016-இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த டீசல் தரம். நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6 என்னும் புகைக் கட்டுப்பாடு வந்தது. அதற்குப் பின் வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. சாம்பல் மிகுதியாக விடும் பழைய வகை எண்ணெய் அதனை அடைத்துவிடும். எனவே முந்திய வண்டிக்கு உகந்த எண்ணெய் புதிய வண்டிக்கும் உகந்ததாகும் என்று கருதிவிட முடியாது.

இனிக் கிளட்சுக்கு வருவோம். எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம் ஒன்று, அதனை நோக்கி வில்விசையால் அழுத்தும் தகடு ஒன்று, இவ்விரண்டுக்கும் நடுவில் உராய்வுப் பூச்சுடைய தட்டு ஒன்று. காலால் மிதியை அழுத்தினால் பிடி விடுகிறது. காலை எடுத்தால் பிடித்துக் கொள்கிறது. முழுதும் பிடித்த நிலையிலும் முழுதும் விட்ட நிலையிலும் தட்டுக்குத் துன்பமில்லை. இரண்டுங்கெட்டான் நிலையே அதற்கு எமன்.

கல்லூரி மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். ஏற்றத்தில் பிரேக்கை நாடாமல், மிதியைப் பாதி அழுத்தியபடியே ஓட்டுநர் வண்டியை அசையாது நிறுத்தி வைக்கிறார் என்று கொள்வோம். கிளட்ச் கடத்தும் முறுக்கு விசை 100 நியூட்டன் மீட்டர். எஞ்சினின் வேகம் விநாடிக்கு 150 ரேடியன், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,430 சுற்று. இரண்டையும் பெருக்கினால் 15,000 வாட்டு! ஆயிரம் வாட்டு மின்னடுப்புகள் பதினைந்தை அந்தச் சிறிய கூட்டுக்குள் எரிப்பதற்கு ஒப்பாகும் இது. பத்தே விநாடியில் உண்டாகும் வெப்பம், ஐந்து கிலோ இரும்பின் வெப்பநிலையை 60 டிகிரிக்கு மேல் உயர்த்தப் போதுமானது. கருகிய நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இதற்கு மாற்று, வண்டியிலேயே இருக்கிறது. பழைய வில்லிஸ் ஜீப்பில் இரண்டாவது சிறு கியர்ப்பெட்டி ஒன்று உண்டு. அதன் தாழ்ந்த நிலை, வேகத்தைச் சற்றேறக்குறையப் பாதியாக்கி, சக்கரத்தின் முறுக்கு விசையை இரு மடங்காக்குகிறது. அதே ஏற்றத்தை ஏறுவதற்குக் கிளட்ச் தாங்க வேண்டிய பளு பாதியாகிறது. சேற்றிலும் கல்லிலும் தாழ்ந்த நிலையில் ஓட்டுபவர் கிளட்சை மதித்து நடப்பவர்.

எண்ணெயும் கிளட்சும் சந்திக்கும் இடத்தை இனிப் பார்ப்போம். ஜீப்பிலும் லாண்ட் ரோவரிலும் இருப்பது உலர் கிளட்ச். எஞ்சினின் பின்புற அடைப்பு வளையம் கசிந்தால், எண்ணெய் கிளட்ச் கூட்டுக்குள் இறங்கித் தட்டை நனைக்கும். நனைந்த தட்டைத் துடைத்துப் பயனில்லை. கசிவை நிறுத்திய பின் தட்டையே மாற்ற வேண்டும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும், எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபடுவதும் உள்ளழுத்தத்தைக் கூட்டி, எண்ணெயை அந்த வளையத்தின் வழியே வெளியேற்றக் கூடும். பழைய லாண்ட் ரோவரில் கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு துளை உண்டு. கசியும் எண்ணெய் தங்காமல் வடிந்துவிட, அது சாதாரண நாட்களில் திறந்தே இருக்கும். ஆழமான நீரைக் கடக்கும்போது மட்டும் அதில் திருகாணி பூட்டிப் பின்னர்க் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால் எண்ணெய் உள்ளே தேங்கும்.

இதற்கு நேர்மாறானது ஈரக் கிளட்ச். மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும், பண்ணைகளில் ஓடும் சிறு நாற்சக்கர வண்டிகள் சிலவற்றிலும், எஞ்சினின் எண்ணெயிலேயே கிளட்ச் தட்டுகள் மூழ்கி நிற்கின்றன. இங்கே எண்ணெய் எஞ்சினுக்கு வழுக்கலையும் தர வேண்டும், கிளட்சுக்குப் பிடியையும் விட்டுவைக்க வேண்டும். கார்களுக்கான சில எண்ணெய்களில், எரிபொருளைச் சேமிப்பதற்காக உராய்வைக் குறைக்கும் மருந்துகளைச் சேர்க்கிறார்கள். அவற்றை ஊற்றினால் ஈரக் கிளட்ச் நழுவக்கூடும். இதற்காகவே ஜப்பானியர் 1998-இல் ஜாசோ தரத்தை வகுத்தனர். எம்.ஏ. என்னும் குறி உராய்வு மிகுந்த எண்ணெயையும், எம்.பி. என்னும் குறி உராய்வு குறைந்த எண்ணெயையும் காட்டும். ஈரக் கிளட்சுக்குப் பொதுவாக எம்.ஏ. வகையே உரியது. விலையுயர்ந்த எண்ணெய் ஒரு வண்டியைக் கெடுப்பதும், எளிய எண்ணெய் அதைக் காப்பதும் இதனால் நிகழக் கூடும்.

பராமரிப்பு முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமதரையில் வண்டியை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து அளவுகோலால் எண்ணெயைப் பாருங்கள். இரு கோடுகளுக்கும் இடையே நிற்க வேண்டும். நீரைக் கடந்து வந்தபின் எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. உடனே காரணத்தை அறிந்து மாற்ற வேண்டும். மணலிலுள்ள குவார்ட்சு இரும்பைவிடக் கடினமானது. ஆகவே தூசி மிகுந்த வழியில் காற்று வடிகட்டியை அடிக்கடி கவனிக்க வேண்டும். தூசி, சேறு, பாரம், மெதுவான ஓட்டம் ஆகியவை கடினப் பணியாகும். அதற்கென்று கைநூல் கூறும் குறுகிய கெடுவிலேயே எண்ணெயை மாற்ற வேண்டும். கம்பியாலோ தண்டாலோ இயங்கும் கிளட்ச் மிதிக்குக் கைநூல் கூறும் தளர்வு இருக்கட்டும். தளர்வே இல்லையேல் கிளட்ச் முழுதும் பிடிக்காது. ஓட்டும்போது மிதியின்மேல் காலை ஓய்வாக வைக்கலாகாது. பழைய தட்டுகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. அதைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

நண்பர்களே, உங்களில் பலர் நாளை பொறியாளராகவோ, மருத்துவராகவோ, வன அதிகாரியாகவோ இத்தகைய வண்டிகளில் ஏறப் போகிறீர்கள். வண்டியை ஓட்டுபவர் வேறொருவராக இருக்கலாம். ஆயினும் அளவுகோலை உருவிப் பார்க்கவும், டப்பாவின் எழுத்தைப் படிக்கவும், கருகல் நாற்றத்தின் பொருளை அறியவும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். புறப்படுமுன் செலவிடும் ஐந்து நிமிடம், மலைவழியில் செல்வோர் அனைவருக்கும் செய்யும் உதவியாகும்.