ஓடை மீனும் நம் கடமையும்



கடலும் களப்பும் சூழ்ந்த கற்பிட்டியில் வாழும் நமக்கு மீனைப்பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும், கறிக்கும் உதவாத, விரலளவேயான ஓடை மீனொன்று அழிந்தால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம்.

2020ஆம் ஆண்டின் தேசியச் சிவப்புப் பட்டியலின்படி, இலங்கைக்குரிய நன்னீர் மீனினங்கள் 97. அவற்றுள் 61 இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லை. அவற்றிற் பெரும்பாலானவை, மக்கள் நெருங்கி வாழும் தென்மேற்கு ஈரவலயத்து ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழ்வன. கடல் மீனுக்கு ஓரிடம் கெட்டால் வேறிடம் உண்டு. ஓடை மீனுக்கோ ஓடையே உலகம்.

கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடவைப் பாருங்கள். 1991இல் அறிவியலுலகுக்கு அறிமுகமான ‘பந்துல பெத்தியா’ அங்கே ஒரே ஓடையில் மட்டும் காணப்பட்டது. அவ்வோடை காப்புக்காட்டில் இல்லை. வயல்களுக்கும் இறப்பர்த் தோட்டங்களுக்கும் நடுவே ஓடுகிறது. வயலில் தெளித்த நஞ்சு நீரிற் கலந்தால் ஓரினமே முடிந்துவிடக்கூடும்.

ஆகவே திட்டம் வேண்டும். முதலாவது, மீன்களை எண்ணி, அவற்றின் வாழ்க்கையை அறிதல். இரண்டாவது, கரையோர மரங்களைக் காக்கவும் நஞ்சைக் குறைக்கவும் கமக்காரரையே துணையாக்கல். மூன்றாவது, ஓரிடத்தில் அழிவு நேரினும் இனம் எஞ்சும்பொருட்டு, ஏற்ற வேறோர் ஓடையிலும் குடியேற்றல். பந்துல பெத்தியாவும் இவ்வாறு வேறோர் ஓடையில் விடப்பட்டது.

ஆனால், ஆராயாது மீனை விடுதல் கேடாகும். அழகுமீனாகக் கொண்டுவரப்பட்ட கத்திமீன், இன்று நம் நாட்டு நீர்நிலைகளிற் புகுந்து சிறுமீன்களை விழுங்குகின்றது. ஆராய்ந்து குடியேற்றுவதற்கும் அலுத்துப்போய் வீசிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கலா ஓயாவும் மீ ஓயாவும் நமது களப்பிலேதான் வந்து சேர்கின்றன. மேலே ஆற்றுக்கு நேர்வது கீழே நமக்கும் நேரும். எனவே இளைஞர்களே, தொட்டி மீனைக் குளத்தில் விடாதிருப்போம். பெரியோரிடம் இப்பக்கத்துக் குளத்து மீன்களின் பெயர்களையும், முன்னிருந்து இன்று காணாதவற்றையும் கேட்டு எழுதிவைப்போம். எண்ணி அறியாததைக் காக்கத் திட்டமிட முடியாது.

நமக்கென்ன என்ற கேள்விக்கு விடை ஒன்றே: வேறெங்கும் இல்லாத பொருளை இழந்தால், எந்தச் சந்தையிலும் திரும்ப வாங்க முடியாது.