உடன்பிறந்தார் ஓட்டமும் மறுவாய்ப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். ஓட்டப் பந்தயம் நம் கதைமரபுக்குப் புதியதன்று. ஒரு கனிக்காக உலகைச் சுற்றிவர உடன்பிறந்தார் இருவர் போட்டியிட்ட கதையைக் கேட்டே நாம் வளர்ந்தோம். இளையவர் மயிலேறிப் பறந்தார். மூத்தவர் தாய்தந்தையரை வலம்வந்து கனியைப் பெற்றார். இளையவர் சினந்து பழநி மலைக்குச் சென்றார். இதனை விரைவுக்கும் அறிவுக்கும் நடந்த போட்டியாகச் சொல்வது வழக்கம். எனக்கு இக்கதையில் வேறொன்றும் புலப்படுகிறது. பிள்ளைகள் இருவர், கனியோ ஒன்று. அந்த ஒற்றைக் கனியை இருவர் முன்னும் வைத்தவர்கள் பெரியவர்கள். பூசலின் வித்து அங்கேதான் இருக்கிறது.

அடுத்து இளங்கோவடிகளை நினைவுகூர்வோம். இளையவனுக்கே அரசுவீற்றிருக்கும் குறி உண்டென்று நிமித்திகன் கூற, மூத்தவனாகிய செங்குட்டுவனின் மனம் நோகாதிருக்க இளங்கோ துறவு பூண்ட செய்தியைச் சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை சொல்கிறது. இராமகாதையிலோ பரதன் தனக்கெனக் கேட்டுப் பெறப்பட்ட அரசைத் தமையனின் திருவடிநிலைகளுக்கு உரியதாக்கினான். உடன்பிறந்தாருக்காக விட்டுக்கொடுத்தவரை நம் இலக்கியம் போற்றி வந்திருக்கிறது. அது பெருமைக்குரிய மரபு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் நிழலில் மற்றொரு வழக்கமும் வளர்ந்துவிட்டது. இருவருள் ஒருவர் விலகினால்தான் வீட்டில் அமைதி நிலவும் என்பது அவ்வழக்கம். அரசகுமாரர்கள் தாமே விரும்பி விலகினார்கள். நம் இல்லங்களில் விலகும்படி சொல்லப்படுகிறவர் பெரும்பாலும் பெண்பிள்ளையே.

என் தமக்கையும் நானும் தாமிரபரணிக் கரையில் ஒரு பள்ளியில் படித்தபோது ஓட்டப் பந்தயங்களில் கலந்துகொண்டவர்கள். என்னைவிட அவள் இரண்டு வயது மூத்தவள். பள்ளி விளையாட்டு விழாவில் அவள் முதலாவதாகவும் நான் இரண்டாவதாகவும் வருவது வழக்கம். “அக்காவைப் பார்” என்ற சொல்லை வீட்டிலும் பள்ளியிலும் கேட்டுக் கேட்டு எனக்கு அவள்மீது பொறாமை மிகுந்திருந்ததும் உண்மையே. அவள் பத்தாம் வகுப்பில் இருந்த ஆண்டு, குறுவட்டப் போட்டியில் நான்காவதாக வந்தாள். பொதுத் தேர்வு எழுதவேண்டிய ஆண்டு. “ஓடியது போதும், படிப்பைக் கவனி” என்றார்கள். அவளும் மறுபேச்சின்றி விட்டுவிட்டாள். பொறுப்பான பெண் என்று அனைவரும் பாராட்டினார்கள். மறு ஆண்டு பள்ளி விழாவில் நான் முதலாவதாக வந்தேன். எல்லைக்கோட்டைக் கடந்ததும் பக்கத்துத் தடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அங்கே இல்லை. அவ்வெற்றி எனக்கு இனிக்கவில்லை. தேர்வு முடிந்த பிறகு மீண்டும் ஓடிப்பார் என்று அவளிடம் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

ஆகவே உடன்பிறந்தாரிடையே போட்டி இருப்பது கேடு என்று நான் கருதவில்லை. தமக்கை முன்னே ஓடியதால்தான் தங்கையின் கால்கள் விரைவு கற்றன. பெரியவர்களின் ஒப்பீடு ஒரு கேடு. முதல் தோல்வியையே முடிந்த தீர்ப்பாகக் கொள்வது மற்றொரு கேடு. இவ்விரண்டிற்கும் ஓடுதளமே மாற்றுக் கூறுகிறது.

நம் பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்னும் பிரிவுகளில் நடைபெறுகின்றன. இரண்டு வயது இடைவெளியுள்ள அக்காளும் தங்கையும் ஏதேனும் ஓராண்டில் ஒரே பிரிவில் எதிரெதிரே நிற்க நேரும். பின்னர் மூத்தவள் அடுத்த பிரிவுக்குச் செல்வாள். இளையவளுக்குத் தனிக் களம் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் நிறுத்தப்படும் பெண்ணுக்குப் பெரும்பாலும் வயது பதினைந்து. பதினேழு வயதுப் பிரிவும் பத்தொன்பது வயதுப் பிரிவும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. மறுவாய்ப்பு விதியிலேயே இருக்கிறது. நாம்தாம் அதனைப் பயன்படுத்த விடுவதில்லை.

இரட்டையராகப் பிறந்தோர்க்கு அந்த வயது இடைவெளியும் இல்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ், நித்யா ராம்ராஜ் ஆகியோர் ஓட்டுநர் ஒருவரின் இரட்டை மகள்கள். இருவரும் தடைதாண்டும் ஓட்டத்தையே மேற்கொண்டனர். ஆயினும் நித்யா 100 மீட்டரையும் வித்யா 400 மீட்டரையும் தமக்கு உரியவையாகக் கொண்டனர். 2023ஆம் ஆண்டு சீனாவின் காங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு இருவருமே சென்றனர். நித்யா தம் பிரிவின் இறுதிப் போட்டியில் ஓடினார். வித்யா தகுதிச் சுற்றில் 55.42 வினாடியில் ஓடி, இறுதியில் வெண்கலம் வென்றார். தொடர் ஓட்டங்களில் இரண்டு வெள்ளிகளும் பெற்றார். இருவருக்கு நடுவே ஒரே கனியை வைக்காமல், ஆளுக்கொரு கனியை அவர்களே தேடிக்கொண்டார்கள் எனலாம்.

அந்த 55.42 என்னும் எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா அதே நேரத்தில் ஓடி, ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்து நான்காமிடம் பெற்றார். நான்காமிடத்தோடு அவர் ஓட்டத்தை நிறுத்திவிடவில்லை. 1986இல் சியோலில் நடந்த ஆசியப் போட்டியில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் நிறுவிய தேசியச் சாதனையைத்தான் 39 ஆண்டுகளுக்குப் பின் வித்யா சமன் செய்தார்.

விதிகளுள் மேலும் ஒன்று நோக்கத்தக்கது. முன்பெல்லாம் துப்பாக்கி ஒலிக்குமுன் புறப்பட்டவருக்கு ஒருமுறை மன்னிப்பு உண்டு. 2003இல் அது களத்திலுள்ள அனைவருக்கும் சேர்த்து ஒன்றாயிற்று. 2010 முதல் அதுவும் இல்லை. எனினும் தடைதாண்டும் ஓட்டத்தில் கால் இடறித் தடை சாய்ந்துவிட்டால், அதற்காக மட்டும் ஒருவரை நீக்குவதில்லை. பத்துத் தடைகளுள் ஒன்று சாய்ந்தாலும் எஞ்சியவற்றை நோக்கி ஓடலாம். பதினைந்து வயதுப் பெண்ணின் தோல்வியைச் சாய்ந்த ஒரு தடையாகவே நாம் கருதவேண்டும்.

இங்கே ஆசிரியர்க்கு ஒரு கடமை உண்டு. தம்பியால் நாடிழந்து காட்டில் இருந்த குமணனைப் பெருந்தலைச்சாத்தனார் கண்டார். தன் தலையைக் கொண்டுபோய்ப் பொருள் பெறுக என்று குமணன் வாளை நீட்டினான். புலவர் அவ்வாளுடன் தம்பி இளங்குமணனிடம் சென்று, அண்ணன் தந்ததைக் காட்டிப் பாடினார். பகைத்த உடன்பிறப்புகளுக்கு நடுவே ஒரு புலவர் நடந்து சென்றார் என்பதே புறநானூறு நமக்கு விட்டுச்சென்ற பாடம். விளையாட்டு ஆசிரியர் அந்தப் புலவரின் இடத்தில் இருக்கிறார்.

அவர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, தங்கையின் நேரத்தைத் தமக்கையின் நேரத்தோடு ஒப்பிடாது, அவளுடைய சென்ற மாத நேரத்தோடு ஒப்பிட்டு ஏட்டில் எழுதுங்கள். இரண்டாவது, உடன்பிறந்தார் இருவரும் ஒரே பிரிவில் இருந்தால் தொடர் ஓட்டத்தில் ஒரே அணியில் சேருங்கள். ஒருத்தி நீட்டும் கோலை மற்றவள் வாங்கி ஓடட்டும். மூன்றாவது, பொதுத் தேர்வுக்காக நிறுத்தப்பட்ட பெண்ணைப் பதினோராம் வகுப்பின் முதல் வாரத்திலேயே அழைத்து, மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். பெற்றோர் தயங்கினால் அவள் வீட்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.

பொதிகையில் தோன்றி வரும் நம் ஆறு மருதூர் அணையில் மேலக்கால், கீழக்கால் எனவும், திருவைகுண்டம் அணையில் வடகால், தென்கால் எனவும் பிரிகிறது. ஒரே நீர், வேறு வேறு வயல்கள். எந்தக் காலும் மற்றதற்காக வறண்டு கிடக்கவேண்டும் என்று நம் முன்னோர் அணை கட்டவில்லை. ஒரு வீட்டில் பிறந்த இரு பெண்களுக்கும் அத்தகைய அணையாக நம் பள்ளிகள் அமையட்டும்.