புரூஸ்டர் சாலை டாக்டர்



ஈப்போவில் சிபில் கார்த்திகேசு என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஜப்பானியர் காலத்தில் அவர்களுடைய இராணுவப் போலீசான கெம்பெத்தாயின் சித்திரவதைக்கு மசியாதவர். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் பெற்ற மலாயாப் பெண்மணி. அந்த ஊரின் ஃபேர் பார்க்கில் ஒரு சாலைக்கே அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் கணவரைப் பற்றிக் கேட்டால், "அவரும் டாக்டராமே" என்பதோடு பேச்சு நின்றுவிடும். இன்று அந்த டாக்டரை நினைத்துப் பார்ப்போம்.

டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு 1892-இல் தைப்பிங்கில் பிறந்தார். பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். பிள்ளைக்கு இட்ட பெயர் ஆறுமுகம். தைப்பிங் அப்போது ஈயத்தால் செழித்த ஊர். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் அங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடியது. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் ஆங்கிலம் படித்தவர்களுக்கு வேலை இருந்தது. யாழ்ப்பாணத்தார் பலர் அதை நம்பிக் கப்பலேறினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களோ பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்து லயங்களுக்குப் போனார்கள். பேசியது ஒரே மொழி, பிழைப்பு வேறு. ஒருவர் கணக்குப் புத்தகம் எழுதினார், இன்னொருவர் பால் மரம் வெட்டினார்.

தோட்டத்தில் நோய் என்றால் முதலில் டிரஸ்ஸர்தான். காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பார், கத்திக் காயத்துக்குக் கட்டுப்போடுவார். பட்டம் பெற்ற டாக்டர் என்றைக்காவது வந்துபோவார். அப்படிப்பட்ட காலத்தில், குடியேறி வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை டாக்டராகி, சொந்தமாகக் கிளினிக் வைத்தது பெரிய காரியம்.

அவருடைய கல்யாணமும் அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது. சிபில், யுரேசியக் குடும்பத்துக் கத்தோலிக்கப் பெண், தாதி, மருத்துவச்சி. மாப்பிள்ளை இந்து. பெண் வீட்டில் முதலில் எதிர்ப்பு இருந்தது. கடைசியில் 1919 ஜனவரியில், கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அதே ஆண்டு பிறந்த முதல் ஆண் குழந்தை 19 மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. அந்தத் துக்கத்துக்குப் பின் வில்லியம் என்ற குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். பிறகு ஓல்கா, டோன் என்று இரண்டு பெண் பிள்ளைகள்.

1926 முதல் ஈப்போ, புரூஸ்டர் சாலை 141-ஆம் எண் கட்டடத்தில் அவர்களுடைய கிளினிக். இன்று அந்தச் சாலையின் பெயர் சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை. கணவர் டாக்டர், மனைவி பிரசவம் பார்ப்பார். சிபில் கண்டனீஸ் சரளமாகப் பேசுவார். ஈய லம்பங்களின் சீனத் தொழிலாளர்கள் நிறைந்த கிந்தா பள்ளத்தாக்கில், நோயாளியிடம் அவன் மொழியிலேயே பேசினால் பாதிப் பயம் போய்விடும்.

1941 டிசம்பரில் ஈப்போமீது குண்டு விழுந்தது. ஜப்பானியர் நகருக்குள் நுழையும் முன் குடும்பம் பாப்பான் என்ற சிற்றூருக்குப் போய், பிரதான வீதி 74-ஆம் எண் கடைவீட்டில் தங்கியது. அங்கும் மருத்துவம் தொடர்ந்தது. இருட்டியதும் பின்வாசல் வழியாகக் காட்டிலிருந்து, ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கெரில்லாக்கள் வந்தார்கள். மருந்துக்குப் பெரும் பஞ்சமான நாட்கள் அவை. இருந்ததைக் கொண்டு அவர்களுக்கும் வைத்தியம் நடந்தது. வீட்டில் ஒளித்து வைத்த ரேடியோப் பெட்டிக்கு 'ஜோசஃபின்' என்று பெயர் வைத்து பிபிசி கேட்டார்கள். நேயர்களே, அன்று அப்படிக் கேட்பது தலைபோகிற குற்றம்.

1943-இல் பிடிபட்டார்கள். டாக்டரும் சிறைக்குப் போனார், சிபிலும் போனார், வில்லியமும் போனார். சிறுமி டோனை மரத்தில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டித் தாயை மிரட்டினார்கள். சிபில் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1945-இல் விடுதலை கிடைத்தபோது அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. முதுகெலும்பு அவ்வளவு சேதமாகியிருந்தது. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1948 ஜூன் 12-இல், 48 வயதில், ஸ்காட்லாந்தில் இறந்தார். மறு ஆண்டு உடல் ஈப்போவுக்குத் திரும்பியது. டாக்டரின் 29 ஆண்டு இல்லறம் சிபிலின் மரணத்தோடு முடிந்தது.

சிபிலின் நினைவுக் குறிப்புகள் 1954-இல் புத்தகமாக வந்தன. பதக்கம் ஒருவர் பெயருக்குத்தான் தர முடியும். அது சிபிலுக்குச் சேர வேண்டியது, சேர்ந்தது. ஆனால் பாப்பானில் நடந்ததை ஒருவர் தனியாகச் செய்திருக்க முடியாது. அந்த வீட்டில் ஒருவர் வாயைத் திறந்திருந்தாலும் எல்லாம் முடிந்திருக்கும். எந்த நேரமும் கதவு தட்டப்படலாம் என்று தெரிந்தும், பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்த நோயாளியைத் திருப்பி அனுப்பாத குடும்பம் அது. குடும்பத்தின் மேல் பாசம் உள்ளவன் ஊர் வம்புக்குப் போகமாட்டான் என்று சொல்வதுண்டு. இந்த டாக்டர் குடும்பத்தை நேசித்தார், அந்தக் குடும்பத்தோடு சேர்ந்தே ஆபத்துக்குள்ளும் போனார்.

ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. இந்த டாக்டரின் பெயரைப் போலவே, லயத்தோடு டிரஸ்ஸர்களின் பெயரும் மறைந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், தங்கள் தோட்டத்தில் மருந்து கொடுத்தவர் யார், பிரசவம் பார்த்தவர் யார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரோடு அவர் குடும்பத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள்.