பாடுவோர் வட்டமும் கேட்போர் கடமையும்

(சங்கத்தின் பொங்கல் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இசையைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் இசை இலக்கணம் முறையாகக் கற்றவன் அல்லன். மேடைப் பாடகனும் அல்லன். ஞாயிறுதோறும் மாலையில் நம் சங்கத்தின் பின்கூடத்தில் கூடும் பாடுவோர் வட்டத்தில் பாய் விரிப்பதும், சுருதிப் பெட்டியை இயக்குவதும், பாடல்களைப் படியெடுத்துக் கொடுப்பதும் சில ஆண்டுகளாக என் பணி. அந்த உரிமையில் பேசுகின்றேன்.

பேச வேண்டிய அவசியமும் ஒன்று நேர்ந்திருக்கிறது. ஆண்டு விழாவில் நம்மவர் பாடுவதற்கென ஒதுக்கப்படும் ஒரு மணி நேரத்தை நிறுத்திவிட்டு, வெளியூரிலிருந்து மெல்லிசைக் குழு ஒன்றை வரவழைக்கலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை கூறியுள்ளார். நம்மவர் பாட்டில் சுருதி சேர்வதில்லை, விருந்தினர் முன்னிலையில் நமக்குத் தலைகுனிவாகிறது என்பது அவர் காட்டும் காரணம். சுருதியைப் பற்றி அவர் கூறுவது பல வேளைகளில் மெய்தான். அந்த ஒரு மணி நேரம் நீடிக்க வேண்டும் என்று நான் வாதிடுவதும் அதே காரணத்தைக் கொண்டுதான்.

சுருதி ஏன் சேர்வதில்லை? அச்சம் வந்தால் மூச்சுக் குறுகுகிறது, தொண்டை இறுகுகிறது, குரல் நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் நழுவுகிறது. ஒருவர் பாடும்போது முன்வரிசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தால், அடுத்த அடியில் அவர் குரல் இன்னும் நழுவும். திருவள்ளுவர் 72 ஆம் அதிகாரத்தில் அவையறிதலைக் கூறி, 73 ஆம் அதிகாரத்தில் அவையஞ்சாமையைக் கூறினார். கற்றறிந்து பேசுவோர்க்கே அவை அச்சம் உண்டென்றால், அடுக்களையில் மட்டும் பாடிப் பழகிய ஒரு பெண்மணி ஒலிபெருக்கியின் முன் நின்று நடுங்குவதில் வியப்பென்ன?

இரண்டாவது காரணம் மிகவும் எளிது. ஆடவர் பலர்க்கு ஒரு கட்டையை ஒட்டியும், பெண்டிர் பலர்க்கு ஐந்து கட்டையை ஒட்டியும் சுருதி அமைவது கருநாடக இசையில் வழக்கம். நம்மவரோ கைப்பேசியில் கிடைக்கும் பின்னணி இசையை ஓடவிட்டு, அதன் சுருதியிலேயே பாட முயல்கின்றனர். அது வேறொருவர் தொண்டைக்காக அமைந்தது; பிறர் செருப்பை அணிந்து ஓடுவது போன்றது. வட்டத்திற்கு வருவோர்க்கு முதல் நாள் நாங்கள் செய்வது அவரவர் கட்டையைக் கண்டுபிடித்துத் தருவதுதான். பாதித் தொல்லை அன்றே தீர்ந்துவிடுகிறது.

இனி, பாட்டு இயற்றுவோரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பாட்டு என்பது தனி ஒருவர் அறைக்குள் அமர்ந்து முடித்துவிடும் காரியம் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். சீகாழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனை இயற்றிய வரலாற்றைப் பாருங்கள். சட்டநாதபுரத்து வேங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் இருவர் அவரிடம் கம்பராமாயணம் பாடங் கேட்டவர்கள், இசை வல்லவர்கள். கவிராயர் பாடல் புனைய, அம்மாணவர் இருவரும் அவற்றிற்கு இசை அமைத்தனர். பின்னர் அந்நூல் திருவரங்கத்தில் அரங்கேறியது. ஆசிரியர்க்கு மாணவர் இசை தர, அதனை ஆசிரியர் ஏற்றுக்கொண்டார் என்பதை நான் பெரிதாக மதிக்கின்றேன்.

இன்னொரு நிகழ்ச்சி உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்தது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார், தம் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை (1815–1876) நாடினார். நூலில் இலக்கண வழுக்கள் இருந்தமையால் பிள்ளையவர்கள் பாயிரம் தர மனமின்றி நாள் கடத்தினார்கள். பாரதியாரும் சலியாமல் பலமுறை நடந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் உணவுக்குப் பின் இளைப்பாறிய வேளையில், பாரதியார் வெளியே அமர்ந்து தம் கீர்த்தனங்களைப் பாடிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து கேட்ட பெரும்புலவர் உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தார்கள். வழுக்கள் அன்றும் நூலில் இருந்தன. ஆயினும் அதுவரை ஏட்டைப் பார்த்தவர், அன்றுதான் பாட்டைக் கேட்டார். பெரியோரைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. எனினும் முதல் நாளே முழுதும் கேட்டுவிட்டுப் பின்னர் வழுக்களையும் அருகிருந்து திருத்தியிருந்தால், நூலுக்கு இரட்டிப்பு நன்மை விளைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் வட்டத்தில் ஒரு பாட்டை முழுதும் கேட்பதற்கு முன் எவரும் வாய் திறப்பதில்லை. கேட்டபின், மனத்தில் தங்கிய அடி எது என்பதை ஒருவர் கூறுவார். அதன் பின்னரே குறை. அதுவும் ஒரு நாளைக்கு ஒன்றே. ஐந்து குறைகளை ஒருங்கே சொன்னால் பாடியவர் ஐந்தையும் மறந்து, அவமானத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்வார். சொன்னவர் அக்குறையைத் திருத்தும் வழியையும் சொல்ல வேண்டும். வழி தெரியாவிடில் பேசாதிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியால் எங்களிற் சிலர் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கிறோம்.

சென்ற ஆண்டு ஓர் அம்மையார் தம் பேரனுக்கென ஒரு தாலாட்டுப் புனைந்து வந்தார். மெட்டு இனியது, கருத்தும் நன்று. சரணத்தின் உச்சியில், குரல் நீண்டு நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் பாட்டு ஒவ்வொரு முறையும் நொண்டியது. அங்கே ‘வந்தது’ என்ற சொல் விழுந்திருந்தது. நீட்டினால் ‘வந்ததூ’ என்று கேட்கும். நீட்டாவிடில் தாளத்தில் பள்ளம் விழும். மூன்று வாரம் காரணம் புலப்படவில்லை. நான்காம் வாரம், மகன் வீட்டிற்கு வந்திருந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டுவிட்டு, “அம்மா, அது குற்றியலுகரம். ஒரு மாத்திரைகூட இல்லாமல் அரை மாத்திரையாய்க் குறுகும் எழுத்தின் தலையில் நான்கு அட்சரத்தை ஏற்றினால் அது தாங்குமா? ‘வந்ததே’ என்று வைத்துப் பாருங்கள்” என்றார். பாடினார், குரல் தடையின்றி மேலே சென்று நின்றது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்த இலக்கணம் ஒரு தாலாட்டுக்கு உதவியது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவ்வம்மையார் இப்போது ஒவ்வோர் அடியின் இறுதி எழுத்தையும் தட்டிப் பார்த்தே எழுதுகிறார்.

நம் குழந்தைகள் பொருட்டும் வட்டம் வேண்டும். இவ்வடநாட்டிற் பிறந்து வளரும் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகின்றனர். அவ்வெழுத்தில் எகர ஒகரக் குறில்களுக்குத் தனி வடிவம் வழக்கில் இல்லை. ஆதலின் ‘கொடி’ என்பது அவர்கள் வாயில் ‘கோடி’ ஆகிறது. ‘செடி’ என்பது ‘சேடி’ ஆகிறது. குரல் இனிமையாயிருப்பதால் பெற்றோரும் கவனிப்பதில்லை. வட்டத்தில் ஒரு பிள்ளை பாட வந்தால், அந்த ஒரு பாட்டையேனும் தமிழ் எழுத்தில் எழுதச் செய்கிறோம். பாடும் ஆசையால் நெடுங்கணக்குப் படித்தவர்கள் இக்கூட்டத்திலேயே மூவர் அமர்ந்திருக்கிறார்கள். எழுத்து வகுப்பு என்று அழைத்திருந்தால் வந்திருப்பார்களா என்பது ஐயமே.

வட்டம் என்ற பெயரை நாங்கள் இரவல் பெற்றோம். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அவர்கள் (1882–1954) திருநெல்வேலியில் தம் இல்லத்தில் அன்பர்களைக் கூட்டிக் கம்பன் கவிதையைத் திரும்பத் திரும்பப் பாடிச் சுவைத்த வட்டத்தொட்டியின் பெயர் அது. அங்கே பரிமாறப்பட்டவை கனிகள். நம் வட்டத்தில் பெரும்பாலும் காய்களே. காயும் வெயிலும் நீரும் இருந்தால்தான் பழுக்கும். ஆண்டுக்கு ஒரு மணி நேர மேடை என்பது நம் காய்களுக்குக் கிடைக்கும் வெயில். அது இல்லையென்றால் ஞாயிறு மாலையில் கூடுவோர் எண்ணிக்கை மெல்லத் தேயும். இரவுப் பணி முடித்துக் கண் சிவக்க வந்து அமரும் கார்டு நண்பர் எதற்காக வருவார்?

வட்டத்திடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இக்குடியிருப்பில் இயற்றப்பட்ட பாட்டுகள் அதில் உள்ளன. இயற்றியவர்களிற் பலர் மாற்றலாகி வேறு கோட்டங்களுக்குச் சென்றுவிட்டனர். பாட்டுகள் இங்கே தங்கின. எந்த மெல்லிசைக் குழுவும் அவற்றைப் பாடப் போவதில்லை.

மெல்லிசைக் குழு வர வேண்டாம் என்று நான் கூறவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் அவர்கள் பாடட்டும், நானும் கேட்பேன். அதற்கு முன்னுள்ள ஒரு மணி நேரம் நம்மவர்க்கே நிற்க வேண்டும். விருந்தினர் முன் தலைகுனிவு நேராதிருக்க, மேடையேறுவோர் அனைவரும் விழாவுக்கு முன் குறைந்தது நான்கு ஞாயிறு வட்டத்தில் வந்து பாடியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதிக்கலாம். செயற்குழு இதனை ஆராய வேண்டுகிறேன். யோசனை கூறிய நண்பரும் ஒரு ஞாயிறு வந்து அமர்ந்து கேட்குமாறு அன்புடன் அழைக்கிறேன். மாலை 5 மணிக்குத் தொடங்குகிறோம். அவருக்கும் நன்றாகப் பாட வரும் என்று அவர் துணைவியார் கூறியிருக்கிறார். அவருடைய கட்டையையும் அன்றே பார்த்துவிடலாம்.