கயிலை வலத்தின் கடைசி மூன்று நாட்கள்

(கோவிலம்பாக்கம் திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



திருக்கோயில் விமானத்தைக் கயிலையாகவே எண்ணி வழிபடுதல் சைவர் மரபு. கோவிலம்பாக்கத்தில் இன்று விமானக் கலசத்தின்மீது புனித நீர் சொரியக் கண்டு கைகூப்பினீர்கள். ஆதலின் அம்மலையை நாடிச் செல்லும் அடியார்களின் பயணத்தையும், அதன் இறுதி நாட்களையும் பற்றிச் சில சொல்லுதல் இவ்விழாவிற்குப் பொருந்துவதேயாம்.

இந்திய சீனப் போருக்குப் பின் அடைபட்டுக் கிடந்த கயிலை வழி 1981 ஆம் ஆண்டில் மீண்டும் திறந்தது. லிபுலேக் கணவாய் வழியே கூட்டங் கூட்டமாக அன்பர்கள் சென்றனர். 2015 இல் நாதுலா வழியும் திறக்கப்பெற்றது. 2020 முதல் ஐந்தாண்டுகள் தடைப்பட்டிருந்த அரசு யாத்திரை 2025 இல் மீண்டும் தொடங்கிற்று.

மானசரோவரத்தைக் கண்ட பின்னரே கடினமான பகுதி வருகின்றது. கயிலையை வலம் வரும் சுற்று சுமார் 52 கிலோமீட்டர். பெரும்பாலோர் அதனை மூன்று நாட்களில் முடிப்பர். முதல் நாள் யமத்துவாரத்தைக் கடந்து, ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே திராபுக் என்னும் இடத்தை அடைவர். அங்கே மலையின் வடமுகம் கண்ணெதிரே நிற்கும். இரண்டாம் நாள் விடியுமுன்னரே புறப்பட்டு, ஏறத்தாழ 5,600 மீட்டர் உயரமுள்ள தோல்மா கணவாயை ஏறிக் கடந்து, கௌரி குண்டத்தைக் கீழே கண்டவாறு இறங்குவர். மூன்றாம் நாள் சமவழியாதலின் எளிது.

தோல்மா உச்சியில், கடற்கரையில் வாழ்வோர் இழுக்கும் மூச்சில் கிடைக்கும் உயிர்வளியிற் பாதியளவே கிடைக்கும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை என்பன முதலில் தோன்றும். அவற்றை மறைத்து மேலே ஏறுவோர்க்கு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே இடர் நேரும். இதற்குத் தலையாய மருந்து ஒன்றே: உடனே கீழே இறங்குதல்.

ஈண்டே அன்பர் கூட்டத்திற்குச் சோதனை நேர்கின்றது. பல்லாண்டு விரும்பி, பொருள் சேர்த்து, வீட்டாரிடம் விடைபெற்று வந்த ஒருவர் திராபுக்கில் தளர்ந்து விடுகின்றார். இன்னும் இரண்டு நாள் நடந்தால் வலம் நிறைவுறும். அவர் திரும்ப வேண்டும். அவருடன் ஒருவர் துணையாகவும் திரும்ப வேண்டும். அத்துணையாக இசைபவர் யார்? உடன் வந்தவரைப் பனியிடையே விடுத்துத் தாம் மட்டும் மலையைச் சுற்றி வருதல் வழிபாடு ஆகுமா? மலையை வலம் வந்தாரினும், மெலிந்த அடியாரைத் தாங்கி மீண்டாரே இறைவனுக்கு அணியர் எனல் மிகையாகாது.

மலை அச்சுறுத்தும் என்பதனை 1998 ஆம் ஆண்டு ஆகஸ்டு 18 இல் நிகழ்ந்த துயரம் உணர்த்தும். காளி ஆற்றங்கரையிலுள்ள மால்பாவில் நள்ளிரவு கடந்த வேளையில் மலை சரிந்து இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கயிலைக்குச் சென்றுகொண்டிருந்த 60 யாத்திரிகரும், அவர்களுள் ஒருவராகிய ஒடிசி நடனக் கலைஞர் புரோதிமா பேடியும் மறைந்தனர். அவர்தம் அன்பு குறைந்ததென்று கூறுவார் உண்டோ? மலைக்கு அடியார், அடியாரல்லார் என்னும் வேறுபாடு இல்லை. ஆதலின் பக்தியைக் காட்டி எச்சரிக்கையைக் கைவிடுதல் தகாது. புறப்படுமுன் மருத்துவர் ‘வேண்டா’ என்றால், அச்சொல்லையும் திருவருட் குறிப்பாகக் கொள்ளல் வேண்டும்.

மீண்டு வருதல் இழிவன்று என்பதற்குத் திருநாவுக்கரசு நாயனாரே சான்றாவார். உடன் வந்தோரைக் காசியிலே நிறுத்தித் தனியே கயிலை நோக்கி நடந்தார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திற் கூறுகின்றார். கால்கள் தேய்ந்தன, கையால் தவழ்ந்தார், மார்பினால் ஊர்ந்தார், உடல் முழுதும் நலியப் புரண்டும் சென்றார். காணாது மீளேன் என்பதே அவர் உறுதி. அங்ஙனம் உறுதி பூண்ட அவரைப் பெருமான் மேலே ஏறச் செய்தாரல்லர். பொய்கையில் மூழ்குக, ஐயாற்றிலே காண்க என்று அருளினார். மூழ்கியவர் திருவையாற்றுத் திருக்குளத்தில் எழுந்தார். எதிர்ப்பட்ட உயிர்களெல்லாம் ஆணும் பெண்ணுமாக இணைந்து வருவதனைச் சிவமும் சத்தியுமாகக் கண்டு உருகினார். ஆடி அமாவாசையில் ஐயாற்றில் இன்றும் அவ்விழா நிகழ்கின்றது.

கயிலையின் வாயிலிலிருந்து திருப்பப்பட்டவர்க்கே கயிலைக் காட்சி கிடைத்தது. அதுவும் காவிரிக் கரையில், தாம் அறிந்த ஊரில், எளிய உயிர்களிடத்திற் கிடைத்தது!

அன்பர்களே! வலிவுடையோர் செல்க, கூட்டமாகச் செல்க, ஒருவரையொருவர் கைவிடாது மீள்க. முதுமையாலும் நோயாலும் செல்ல இயலாதோர் நெஞ்சம் வருந்தற்க. இவ்வூரில் கல்லும் சுண்ணமும் பொன்னும் உழைப்பும் ஈந்து இவ்விமானத்தை எழுப்பியவர்கள், அம்மலையின் ஒரு சிகரத்தை முதியோரும் நோயுற்றோரும் எளிதில் அணுகும் இடத்தில் நாட்டியவர்களேயாவர். நாளைக் காலை இத்திருக்கோயிலை வலம் வரும்போது, நடை தளர்ந்த ஒருவர்க்குக் கை கொடுங்கள். அதுவே கயிலை வலத்தின் கடைசி அடியாகும்.

திருச்சிற்றம்பலம்.