மருந்து ஒன்று, உடல் வேறு



கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்து எம் பாடசாலையிற் கற்பித்த ஆசிரியை ஒருவர் மனச்சோர்வு நோயுற்றார். அவருடைய தமக்கையாரை நலமாக்கிய அதே குளிசை, இவருக்கோ ஓயாத மயக்கத்தையே தந்தது. “என் மனவுறுதிதான் போதாது” என்று நொந்து, மருந்தை நிறுத்திவிட்டார்.

குறை மனவுறுதியில் இல்லை. உட்கொண்ட மருந்தைக் கல்லீரலின் நொதியங்கள் சிதைக்கின்றன. அவற்றின் வேகத்தைப் பெற்றோர்வழி வந்த பரம்பரையலகுகள் பெரிதும் வகுக்கின்றன. மெதுவாகச் சிதைக்கும் உடலில் மருந்து மிகுந்து துன்பந் தரலாம். விரைவாகச் சிதைக்கும் உடலுக்கு அது போதாமற் போகலாம்.

நோர்ட்ரிப்டிலின் என்னும் மனச்சோர்வு மருந்தை இரட்டையருக்கு ஒரே அளவிற் கொடுத்துச் சுவீடன் நாட்டு அறிஞர் ஆராய்ந்து, முடிவை 1969ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேறு மருந்து உண்ணாதோருள், ஒரே கருவிலிருந்து தோன்றிய இரட்டையரின் குருதியில் மருந்தின் அளவு ஒத்திருந்தது. இரு கருவிலிருந்து தோன்றியோரிடம் அத்துணை ஒப்புமை இல்லை. தமக்கையும் தங்கையும் வேறுபடுவதில் வியப்பென்ன?

பரம்பரை மட்டுமன்று, வயதும் பிற மருந்துகளும் இதிற் பங்குகொள்வன. ஆதலின், குளிசை ஒவ்வாதெனின் தாமாக நிறுத்தாது வைத்தியரிடம் கூறுக. அளவையோ மருந்தையோ அவர் மாற்றுவார். நமக்குதவிய குளிசையைப் பிறர்க்கு ஈதலும் தகாது.

அவ்வாசிரியை மீண்டும் வைத்தியரை நாடினார். வேறு மருந்து பெற்றார். மறு தவணையில் வகுப்பறைக்குத் திரும்பினார்.